மனிதத் தாடைத் தசையின் சுருக்க வேகத்தை முடிவு செய்யும் புரதம் எது?

எழுதியவர்: பெரம்பூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 11-ஆம் வகுப்பு மாணவிகளுக்கு விலங்கியல் கற்பிக்கிறேன். தசைகளின் இயக்கம் பற்றிய பாடத்தின்போது ஒரு மாணவி எழுப்பிய கேள்விக்குப் பாடநூல் தரும் விளக்கம் போதவில்லை. உடலியங்கியலும் பல் மருத்துவமும் அறிந்தவர்கள் விடை தருவீர்கள் என்ற நம்பிக்கையில் அதை இங்கே வைக்கிறேன்.

மெதுவான தசைநார், வேகமான தசைநார் என்று பிரித்து, மாரத்தான் ஓடுபவரின் காலில் முன்னது மிகுதி, 100 மீட்டர் ஓடுபவரின் காலில் பின்னது மிகுதி என்று எடுத்துக்காட்டும் சொல்கிறோம். அப்படியானால் தாடைத் தசை எந்த வகையைச் சேர்ந்தது என்று அந்த மாணவி கேட்டாள். கல்யாணப் பந்தியில் வடை முதல் வெற்றிலை வரை களைப்பே தெரியாமல் மெல்லுகிற தசைதான், காய்ச்சல் கண்ட இரவில் பற்கள் தந்தியடிக்கும் அளவுக்கு விரைந்தும் இயங்குகிறது. ஒரே தசை இந்த இரண்டு வேலைகளையும் எப்படிச் செய்கிறது?

அவளுடைய தந்தை புளியந்தோப்பில் மாட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறார். மாட்டின் தாடைப் பகுதிக் கறி மற்றக் கறியைவிடக் கருஞ்சிவப்பாக இருப்பதையும், அடுப்பில் அது வேக நெடுநேரம் பிடிப்பதையும் அவள் சிறு வயது முதல் பார்த்திருக்கிறாள். கருஞ்சிவப்பு நிறம் என்றால் மையோகுளோபின் மிகுந்த, மெதுவாகச் சுருங்கும் தசை என்று பாடம் சொல்வதால், மனிதத் தாடையும் மாட்டின் தாடையைப் போல மெதுவானதுதானா என்பது அவளுடைய அடுத்த கேள்வி. பார்த்ததையும் படித்ததையும் பொருத்திப் பார்க்கும் ஒரு பிள்ளைக்கு அரைகுறையாக விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிறத்தை வைத்து வேகத்தை முடிவு செய்வது சரிதானா? வேகத்தை உண்மையில் தீர்மானிக்கும் புரதம் எது? கை, கால் தசைகளிலிருந்து மனிதத் தாடைத் தசை எந்த வகையில் வேறுபடுகிறது? சற்று விரிவாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


எழுதியவர்: இராயபுரம் உடலியங்கியல்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மருத்துவ மாணவர்களுக்குத் தசை உடலியங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். பாடநூலின் இரட்டைப் பிரிவுக்குள் அடங்க மறுக்கும் தசைகளில் தாடைத் தசைக்குத் தனி இடம் உண்டு. ஆகவே அந்த மாணவி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள்.

நிறத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். மையோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும் புரதம். ஒரு தசை எவ்வளவு நேரம் களைக்காமல் உழைக்கும் என்பதற்கு அது துப்புக் கொடுக்கும், எவ்வளவு விரைவாகச் சுருங்கும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. பல தசைகளில் மெதுவான சுருக்கமும் கருஞ்சிவப்பு நிறமும் சேர்ந்தே வருவதால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் ஏற்பட்டுவிடுகிறது. ஆனால் வேகமாகவும் சுருங்கி, நெடுநேரமும் உழைக்கும் சிவந்த நார்களும் உடலில் உண்டு. வேகமான ஆக்சிஜனேற்றத் தசைநார் என்று பாடத்தில் வருவது அதுதான்.

வேகத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம், தசையை இழுத்துச் சுருக்கும் புரதமான மயோசின் மூலக்கூறின் பெரிய பகுதியான கனச்சங்கிலிக்கே உரியது. மைக்கேல் பாரானி 1967-இல் பல விலங்குகளின் தசைகளை ஒப்பிட்டு, மயோசின், செல்லின் ஆற்றல் மூலக்கூறான அடினோசின் ட்ரைபாஸ்பேட்டைச் சிதைக்கும் வேகம் எந்தத் தசையில் கூடுதலோ அந்தத் தசையே பளுவில்லாதபோது கூடுதல் வேகத்தில் சுருங்குகிறது என்று காட்டினார். காரணம் மயோசின் தலையின் சுழற்சியில் இருக்கிறது. அந்தத் தலை, ஆக்டின் என்ற புரத இழையைப் பற்றி இழுத்த பிறகு, ட்ரைபாஸ்பேட் சிதைந்து தன்னிடம் எஞ்சியிருக்கும் அடினோசின் டைபாஸ்பேட்டை வெளியேற்ற வேண்டும். அது வெளியேறினால்தான் புதிய ட்ரைபாஸ்பேட் வந்து அமரும், அது அமர்ந்தால்தான் தலை ஆக்டினை விட்டு விலகும். காசிமேட்டுப் படகில் பலர் சேர்ந்து துடுப்பு வலிக்கும்போது, வலித்து முடித்த துடுப்பை ஒருவர் நீரிலிருந்து எடுக்கத் தாமதித்தால், மற்றவர்கள் எவ்வளவு முயன்றாலும் படகின் வேகம் அந்தத் துடுப்பால் தடைபடும். அதுபோல, டைபாஸ்பேட்டை மெதுவாக வெளியேற்றும் மயோசின் கொண்ட நாரில், வேலையை முடித்த தலைகள் ஆக்டினை விடாமல் பற்றிக்கொண்டிருந்து இழையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. அதனால் அந்த நார் மெதுவானதாகிறது.

கனச்சங்கிலியில் பல வகைகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரபணு உண்டு. வளர்ந்த மனிதனின் கை, கால் தசைகளில் பெரும்பாலும் மூன்றைத்தான் காண்கிறோம்: மெதுவான வகை 1, வேகமான வகை 2ஏ, அதைவிட வேகமான வகை 2எக்ஸ். எலியின் தசைகளில் மிகுந்து காணப்படும் 2பி வகைக்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் நம் கை, கால் தசைகளில் அந்தப் புரதம் உருவாவதில்லை. குளிர்ந்த கரைசலில் தனி நார்களை வைத்து அளந்தால், 2எக்ஸ் நார் வகை 1 நாரைவிட ஏறத்தாழ 10 மடங்கு வேகத்தில் சுருங்குகிறது, 2ஏ இடைப்பட்டது. ஒரே உடலின் ஒரே தசைக்குள், அருகருகே கிடக்கும் இரண்டு நார்களுக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதை மாணவிகளிடம் அழுத்திச் சொல்லலாம்.

தாடையை மூடும் தசைகளான மாசெட்டர், டெம்போராலிஸ், நடு டெரிகாய்டு ஆகியவற்றுக்கு வந்தால் கதை மாறுகிறது. மேற்சொன்ன மூன்றோடு, வேறு இரண்டு கனச்சங்கிலிகளும் அங்கே இருக்கின்றன. ஒன்று, கருவிலும் பிறந்த குழந்தையிலும் மட்டும் இருந்து பிறகு கை, கால் தசைகளிலிருந்து மறைந்துவிடும் கருப்பருவ மயோசின். தாடையில் அது முதுமை வரை நீடிக்கிறது. மற்றொன்று இதயத்துக்கு உரிய ஆல்ஃபா மயோசின். மனித இதயத்தின் மேலறைகளில் ஆல்ஃபா வகையும் கீழறைகளில் பீட்டா வகையும் முதன்மையானவை. எலும்புத் தசையின் வகை 1 என்று நாம் சொல்வதும் இதயக் கீழறையின் பீட்டாவும் ஒரே மரபணு தரும் ஒரே புரதம். ஆகவே நம் தாடைக்குள் இதயத்தின் இரண்டு மயோசின்களும் வேலை செய்கின்றன என்று சொன்னால் அது மிகையாகாது. ஆல்ஃபா வகை பீட்டாவைவிட வேகமானது, 2ஏ-வைவிட மெதுவானது.

இதைவிட முக்கியமானது, இந்தப் புரதங்கள் தனித்தனி நார்களில் பிரிந்து கிடக்கவில்லை என்பது. தாடையை மூடும் தசைகளில் கணிசமான நார்கள் கலப்பு நார்கள். ஒரே நாருக்குள் இரண்டு, மூன்று, சில வேளைகளில் அதற்கும் கூடுதலான கனச்சங்கிலிகள் சேர்ந்திருக்கின்றன. கலவை எப்படியோ வேகமும் அப்படி. வகை 1 மிகுந்த கலவை மெதுவான முனைக்கு அருகிலும், 2எக்ஸ் மிகுந்த கலவை வேகமான முனைக்கு அருகிலும் நிற்கும். நடுவில் உள்ள இடமெல்லாம் ஏதோ ஒரு நாரால் நிரப்பப்பட்டிருக்கும். எனவே, தாடை மெதுவானதா வேகமானதா என்று கேட்பதைவிட, எத்தனை வேகங்களை அது தன்னிடம் வைத்திருக்கிறது என்று கேட்பதே பொருத்தம். மூளை தனக்குத் தேவையான வேகத்துக்கும் விசைக்கும் ஏற்ற நார்களை இந்தத் தொடர்வரிசையிலிருந்து அழைத்துக்கொள்கிறது.

நார்களின் பருமனிலும் தாடை தலைகீழாக இருக்கிறது. கை, கால்களில் வேகமான நார்கள் பொதுவாக மெதுவான நார்களுக்கு இணையாகவோ அவற்றைவிடப் பருமனாகவோ இருக்கும். தாடையை மூடும் தசைகளில் வகை 1 நார்கள் பருத்தும் வகை 2 நார்கள் மெலிந்தும் இருக்கின்றன. தாடையைத் திறக்கும் டைகாஸ்ட்ரிக் முதலிய தசைகளில் இந்த விந்தைகள் குறைவு; கலப்பு நார்கள் குறைந்து, அமைப்பில் அவை கை, கால் தசைகளை ஒத்திருக்கின்றன.

பற்கள் தந்தியடிப்பது பற்றியும் ஒரு சொல். அந்த நடுக்கத்தில் தசை சுருங்கும் தொலைவு மிகமிகக் குறைவு என்பதால், அதற்கு உச்சச் சுருக்க வேகம் தேவையே இல்லை. அங்கே தேவைப்படுவது, நாருக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் சார்கோபிளாச வலையிலிருந்து கால்சியம் சட்டென்று வெளிப்பட்டு, சட்டென்று திரும்ப உள்ளே இழுக்கப்படுவது. தசை எவ்வளவு விரைவாகக் குறுகுகிறது என்பது மயோசினின் பொறுப்பு. எவ்வளவு விரைவாகத் தொடங்கி ஓய்கிறது என்பதில் கால்சியத்தைக் கையாளும் புரதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் வேகம் என்ற தலைப்பில் தேர்வுத்தாள்களில் பாதி மதிப்பெண் போகிறது.


எழுதியவர்: மாதவரம் கால்நடை

ஐயாவின் விளக்கத்தோடு, மாட்டிறைச்சிக் கடையில் அந்தப் பிள்ளை பார்த்ததைப் பற்றி ஒரு கால்நடை மருத்துவராக எழுத விரும்புகிறேன்.

அவள் பார்த்தது முற்றிலும் உண்மை. மாட்டின் மாசெட்டர் தசை ஏறத்தாழ முழுவதும் வகை 1 நார்களால் ஆனது. மாடு ஒரு நாளில் 7, 8 மணி நேரம் அசைபோடுகிறது. மேய்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அதற்கு மேல். அவ்வளவு நேரம் ஒரே தாளத்தில் உழைக்கும் தசைக்கு, குறைந்த எரிபொருளில் விசையைத் தாங்கி நிற்கும் மெதுவான மயோசினே ஏற்றது. அடுப்பில் நெடுநேரம் பிடிப்பதற்குக் காரணம் வேறு: ஓயாமல் உழைக்கும் தசையில் நார்களைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் இணைப்புத் திசு மிகுந்திருக்கும், அது கரைந்து இளகத்தான் நேரம் ஆகிறது. சுருக்க வேகத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை.

ஆனால் மாட்டை வைத்து மற்ற விலங்குகளின் தாடையை எடைபோட முடியாது. நாய், பூனை ஆகியவற்றின் தாடையை மூடும் தசைகளில், உடலின் கை, கால் தசைகள் எவற்றிலும் இல்லாத, மெல்லுதலுக்கே உரிய ஒரு தனி மயோசின் இருக்கிறது. இதை 2எம் வகை என்பார்கள். இதன் வேதிவினை வேகத்தைக் கண்டு தொடக்கத்தில் இதை அதிவேக மயோசின் என்றே அழைத்தார்கள். பிறகு நாயின் தனி நார்களை எடுத்து நேரடியாக அளந்தபோது, அதன் தனிச்சிறப்பு வேகத்தில் இல்லை, அது தரும் விசையில் இருக்கிறது என்று தெரியவந்தது. வேகத்தில் அது 2ஏ நாருக்கு அருகில்தான் நின்றது. காசிமேட்டில் ஏலம் முடிந்த பிறகு மீன் தலைகளை எலும்போடு நொறுக்கித் தின்னும் நாய்களுக்கு இந்தப் புரதம் உதவுகிறது.

இந்த 2எம் மயோசினுக்கான மரபணுவின் பெயர் எம்ஒய்எச்16. குரங்குகளிடம் அது இன்றும் வேலை செய்கிறது. மனிதரிடமோ அந்த மரபணுவில் இரண்டு எழுத்துகள் விடுபட்டு, எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும் வாசிப்புச் சட்டகம் நகர்ந்துவிட்டதால், முழுமையான புரதம் உருவாவதில்லை. ஹேன்சல் ஸ்டெட்மன் குழுவினர் 2004-இல் இதை வெளியிட்டு, இந்த மாற்றம் ஏறத்தாழ 24 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்றும், தாடைத் தசை சிறுத்ததே மண்டையோடு பெரிதாக வழிவிட்டிருக்கலாம் என்றும் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே மரபணுவின் நீண்ட பகுதியை ஆராய்ந்து, காலத்தை ஏறத்தாழ 53 லட்சம் ஆண்டுகள் என்று பின்னுக்குத் தள்ளினார்கள். அவ்வளவு முற்பட்டது என்றால், மூளை பெரிதான காலத்தோடு அதை முடிச்சுப் போடுவது கடினம். மண்டையோட்டுக் கதை கேட்க அழகாக இருப்பதால் பல இடங்களில் உறுதியான உண்மையாகவே எழுதப்படுகிறது. வகுப்பில் அதைச் சொல்லும்போது இந்த மறுப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மாணவியின் கேள்விக்கு நேரடி விடை: மனிதத் தாடை மாட்டின் தாடை போன்றதும் அன்று, நாயின் தாடை போன்றதும் அன்று. வகை 1-க்கு அதில் பெரும் இடம் இருந்தாலும், ஐயா சொன்ன கலவைதான் அதன் அடையாளம்.


எழுதியவர்: பெரம்பூர் ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இதயத்தின் மயோசின் தாடையில் இருக்கிறது என்பதை மாணவிகள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. மூடும் தசைகளில் பருத்த நார்கள் எல்லாம் மெதுவானவை என்றால், அந்த மெதுத்தன்மையால் தாடைக்கு ஏதேனும் நன்மை உண்டா, அல்லது நெடுநேரம் மெல்லுவதற்காகக் கொடுத்த விலையா? அடுத்தது, இந்தக் கலவை பிறவியிலேயே முடிவாகிவிடுகிறதா, உண்ணும் உணவையும் வயதையும் பொறுத்து மாறுமா? எங்கள் மாணவிகளின் வீடுகளில் பல் இல்லாத பாட்டிகளும் உண்டு, மாவா (பாக்கும் புகையிலையும் கலந்த மெல்லும் பொருள்) போட்டு வாய் திறக்க முடியாமல் போன உறவினர்களும் உண்டு. அவர்களை முன்னிட்டு இந்தக் கேள்வி வகுப்பில் கட்டாயம் வரும்.


எழுதியவர்: வண்ணை பல் மருத்துவர்

வணக்கம் அம்மா. பழைய வண்ணாரப்பேட்டையில் பல் மருத்துவம் பார்க்கிறேன். உங்கள் முதல் ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

பாரிமுனைப் பக்கம் அத்தோ என்ற பர்மிய உணவு விற்கும் கடைகளில் நொறுக்கிப் போடும், பேஜோ என்ற மொறுமொறுப்பான பொரித்த பண்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு துண்டைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிக்கிறீர்கள். அது உடையும் வரை மாசெட்டரும் டெம்போராலிஸும் விசையைக் கூட்டிக்கொண்டே போகின்றன. ஒரு கணத்தில் துண்டு படாரென்று நொறுங்குகிறது. எதிர்த்து நின்ற தடை முழுவதும் நொடிப்பொழுதில் இல்லாமல் போகிறது. தசைகளோ இன்னும் முழு விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் சம்மட்டி அடித்ததுபோல் மோதி எனாமல் சிதற வேண்டும். ஆனால் அப்படி நடப்பதில்லை, நாம் அமைதியாக அடுத்த கடிக்குப் போகிறோம்.

நரம்பின் அனிச்சைச் செயல் தசையைத் தளர்த்திக் காப்பாற்றுகிறது என்று நினைக்கத் தோன்றும். அந்த அனிச்சை உண்மையில் இருக்கிறது, ஆனால் செய்தி மூளைத்தண்டுக்குப் போய்த் திரும்பித் தசையின் விசை இறங்குவதற்குள், சில மில்லிமீட்டர் இடைவெளியைத் தாடை கடந்துவிடும். நெதர்லாந்தில் 1990-களில் செய்யப்பட்ட கணித மாதிரிகள் காட்டியது வேறு: காப்பாற்றுவது தசைப் புரதத்தின் இயல்பே. எந்தத் தசையும் வேகமாகக் குறுகும்போது அதன் விசை குறையும் என்பதை ஏ. வி. ஹில் 1938-இல் ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். தடை நீங்கித் தாடை விரையத் தொடங்கியதுமே, ஆக்டினை விட்டு விலகத் தாமதிக்கும் மயோசின் தலைகளால் தசையின் விசை நரம்பின் கட்டளைக்குக் காத்திராமல் சரிகிறது. வகை 1 மிகுந்த தசையில் இந்தச் சரிவு குறைந்த வேகத்திலேயே தொடங்கிவிடும். ஆகவே மெதுவான மயோசின், மெல்லுவதற்கான சிக்கனத்தோடு பற்களுக்கான பாதுகாப்பையும் சேர்த்துத் தருகிறது. இதை விலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி மாற்றம் பற்றி. கலவை மாறும். மென்மையான தீவனத்தை மட்டுமே கொடுத்து வளர்த்த எலி, முயல்களின் மாசெட்டரில், கடினமான தீவனம் தின்றவற்றோடு ஒப்பிட்டால், மயோசின் வேகமான வகைகளின் பக்கம் நகர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உழைப்பு குறைந்தால் தசை மெதுவாகும் என்று பொதுவாக எதிர்பார்ப்போம், நடப்பது அதற்கு நேர்மாறானது. மெதுவான மயோசினைத் தக்கவைக்க இடையறாத உழைப்பு தேவைப்படுகிறது. அது குறையும்போது வேகமான மயோசினுக்கான மரபணுக்கள் தலைதூக்குகின்றன.

முதுமையிலும் தாடை தன் போக்கில்தான் போகிறது. சுவீடனின் உமியோவில் 1990-களின் இறுதியில் இளைஞர், முதியவர் இருசாராரின் மாசெட்டரையும் மேற்கை பைசெப்ஸையும் ஒப்பிட்டார்கள். வயது ஏறும்போது பைசெப்ஸில் மெதுவான மயோசினின் பங்கு கூடியது. மாசெட்டரில் அது குறைந்து, வேகமான வகையும் கருப்பருவ வகையும் கூடின. ஒரே மனிதரின் கையும் தாடையும் எதிரெதிர்த் திசையில் முதுமை அடைகின்றன என்பது இதன் பொருள். பாட்டியின் தாடை தளர்ந்து தோன்றுவதற்குத் தசையின் பருமனும் கடிக்கும் விசையும் குறைவதும், பற்கள் இல்லாததும் காரணமே தவிர, மயோசின் மெதுவாகிவிட்டது என்று சொல்ல இயலாது.

முகத்தின் அமைப்போடும் தொடர்பு உண்டு. தாடை அறுவை சிகிச்சையின்போது எடுத்த மாசெட்டர்த் துணுக்குகளில், மேற்பற்கள் கீழ்ப்பற்களை ஆழமாக மூடும் கடிவாய் உள்ளவர்களிடம் வகை 2 நார்கள் கூடுதல் இடத்தைப் பிடித்திருந்தன. பல்சீரமைப்புச் செய்பவர்கள் கம்பி போடுவதற்கு முன் தசையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கருதுவதற்கு இது ஒரு காரணம்.

மாவா பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. தாடை மெதுவாகிவிட்டது, இறுகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு இந்தப் பகுதியில் இளைஞர்கள் வருகிறார்கள். கன்னத்தின் உட்புறத்தைத் தொட்டால், ஈரமும் நெகிழ்வும் இருக்க வேண்டிய சவ்வு வெளிறி, செங்குத்தான பட்டைகளாக விரலில் தட்டுப்படும். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் சவ்வுக்கு அடியில் உள்ள செல்களைத் தூண்டிக் கொலாஜனைக் குவிக்கச் செய்வதால் ஏற்படும் நிலை இது. நன்றாக இருப்பவருக்கு முன்பற்களுக்கிடையே 40 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும் வாய், முற்றிய நிலையில் ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடும். இங்கே தடையின் பெரும்பகுதி நார்த்திசுவில் இருக்கிறது. தசையின் பாதிப்பு நோய் முற்றும்போது பின்னால் வருவது. தாடைக்குப் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று இவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. இந்த நிலை புற்றுநோயாக மாறும் அபாயம் உடையது என்பதால், பாக்கு கலந்த எதையும் உடனே நிறுத்திவிட்டு, பல் மருத்துவரிடம் வாயைக் காட்ட வேண்டும். உங்கள் மாணவிகள் தங்கள் வீடுகளில் இதைச் சொன்னால் அதுவே பெரிய உதவி.


எழுதியவர்: இராயபுரம் உடலியங்கியல்

மருத்துவரின் பேஜோ எடுத்துக்காட்டை என் வகுப்பிலும் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கோருகிறேன். விடுபட்ட இரண்டு மூன்று செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

கனச்சங்கிலி முதன்மையானது என்றாலும் தனியாக இல்லை. ஒவ்வொரு மயோசின் மூலக்கூறிலும் இரண்டு கனச்சங்கிலிகளோடு நான்கு லேசான சங்கிலிகள் சேர்ந்திருக்கின்றன. ஒரே கனச்சங்கிலி கொண்ட வேகமான நார்களை எடுத்து அளந்தாலும், அவற்றின் லேசான சங்கிலியில் எந்த வகை மிகுந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வேகம் ஓரளவு கூடிக் குறைவதை எலியின் நார்களில் கண்டிருக்கிறார்கள். மயோசின் பிணைப்புப் புரதம் சி என்ற மற்றொரு புரதம், தலைகள் ஆக்டினை எட்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. வேகமான நார்களில் ஆக்டின் இழைகளைப் பிணைத்து நிறுத்தும் இசட் கோட்டில் உள்ள ஆல்ஃபா ஆக்டினின் 3 என்ற புரதம் உலக மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் அறவே இல்லை; அவர்கள் நலமாகவே வாழ்கிறார்கள். இவை எல்லாம் வேகத்தைச் சற்றே திருத்துபவை. அடிப்படை அளவை நிர்ணயிப்பது கனச்சங்கிலிதான்.

தனி நாரின் வேகம் வேறு, தாடை நகரும் வேகம் வேறு என்பதையும் மாணவிகள் பிரித்தறிய வேண்டும். ஒரு நாரில், சுருங்கும் அடிப்படை அலகுகளான சார்கோமியர்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொன்றும் சுருங்கும் வேகம் ஒன்றோடொன்று கூட்டப்படுகிறது; நீளமான நாரில் சார்கோமியர்கள் கூடுதல், ஆகவே முனையின் வேகமும் கூடுதல். மாசெட்டரின் நார்கள் குட்டையானவை, சாய்வாக அடுக்கப்பட்டவை. அந்த அடுக்கு விசைக்கு உகந்தது, வேகத்துக்கு அன்று. டைகாஸ்ட்ரிக் தசையில் நார்கள் நீளவாட்டில் ஓடுவதால், விசை குறைந்து வேகமும் வீச்சும் கூடுகின்றன. ஒரே மயோசின் இருந்தாலும், அடுக்கு மாறினால் தசையின் வேகம் மாறும்.

வகுப்பில் செய்து காட்ட விரும்பினால், ஒரு மாணவி வேர்க்கடலை மெல்லுவதைக் கைப்பேசியின் மெதுவோட்டக் காணொளியில் பக்கவாட்டிலிருந்து எடுத்து, மோவாயில் வைத்த மைப்புள்ளி ஒவ்வொரு கடியிலும் எவ்வளவு தொலைவு எவ்வளவு நேரத்தில் நகர்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். பிறகு அதே மாணவி, வாயில் எதுவும் இல்லாமல், இயன்ற அளவு விரைவாக வாயைத் திறந்து மூடட்டும். இரண்டாவதில் வேகம் கூடுதலாக வரும். பெரியவர்கள் இயல்பாக மெல்லும்போது நொடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறைதான் தாடை சுற்றுகிறது. அந்தத் தாளத்தை வகுப்பது மூளைத்தண்டில் உள்ள நரம்பணுக் கூட்டம். மயோசின் அனுமதிக்கும் உச்ச வேகத்தை அன்றாட மெல்லுதல் நெருங்குவதே இல்லை என்பதால், காணொளியில் அளந்த எண்ணை மாணவிகள் மயோசினின் வேகம் என்று ஏட்டில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.